லடாக்கில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லே நகரில் தங்கி வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து யார் லடாக் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். முதலில் பயணத்தைப் பற்றிக் கேட்பார்கள். பேச்சு வளர வளர, "சரி, அங்கே இருக்கிற ஜனங்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்?" என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். உடல்நலம் பற்றிய பதில்கள் பொதுவானவை. உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

லடாக்கில் ஆக்சிஜனே கிடையாதாமே, எப்படி மூச்சு விடுகிறார்கள்?

ஆக்சிஜன் இருக்கிறது. சென்னைக் காற்றிலும் லே காற்றிலும் அதன் பங்கு ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கார்சோக் கிராமம் 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அங்கேயும் குடும்பங்கள் வசிக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

டெல்லியில் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் லேவில் இறங்கினால் உடம்புக்கு என்ன ஆகும்?

முதலில் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும். வேகமாக மூச்சு விடுவதால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும். முதல் இரண்டு நாள் அடிக்கடி சிறுநீர் வருவதற்கு இது ஒரு காரணம். ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைவதால் சிவப்பணுக்களின் அடர்த்தி கூடும். புதிய சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாக வாரக்கணக்கில் ஆகும்.

இதற்கிடையில் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரலாம். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு சட்டென்று வேகமாக வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோய் எழுப்பிவிடுவார். உயரமான இடங்களில் இது சகஜம். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிடும். முதல் 48 மணி நேரமாவது வேறு எதுவும் செய்யாமல் அறையில் ஓய்வாக இருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரையுடன் சளி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று வந்தால் விஷயம் வேறு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உயரத்தைக் குறைக்க வேண்டும்.

நான் தினமும் ஓடுகிறேன், ஜிம்முக்கும் போகிறேன். எனக்கு எதுவும் ஆகாதுதானே?

ஆகலாம். உயரத்தால் வரும் இந்த மலைநோயை உடற்பயிற்சி தடுக்காது. எவ்வளவு வேகமாக உயரம் ஏறினீர்கள் என்பதும், உங்கள் உடம்பின் இயல்பும்தான் முடிவு செய்யும். திடகாத்திரமான இளைஞர்கள் இறங்கிய அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதால், வயதானவர்களைவிட அவர்களே அதிகம் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். 1962 போரையொட்டிச் சமவெளியிலிருந்து அவசரமாக மலைமேல் அனுப்பப்பட்ட இந்திய வீரர்களில் பலருக்கு இதே பாதிப்பு வந்தது. 1960களில் ராணுவ மருத்துவர்கள் அவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இரண்டாவது நாளே பாங்காங் ஏரியில் தங்க புக் செய்துவிட்டோம், பரவாயில்லையா?

தயவுசெய்து மாற்றிவிடுங்கள். பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நடு இரவில் முடியாமல் போனால் லே திரும்பும் வழியில் சாங் லா கணவாய் நிற்கிறது, 5,300 மீட்டருக்கும் மேலே. இறங்க வேண்டிய நோயாளியை அதற்கு முன் இன்னும் ஓர் ஆயிரம் மீட்டர் ஏற்ற வேண்டியிருக்கும். முழுப் பயணத் திட்டத்திலும் நான் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பூண்டு, கற்பூரம், டயமாக்ஸ்: இதில் எது வேலை செய்யும்?

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்தாற்போல இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமாகாது. பூண்டு சூப் சூடாகக் குடிக்க இதமாக இருக்கும், அதோடு சரி. அசெட்டசோலமைடு என்கிற டயமாக்ஸ் உண்மையாகவே உதவும். இரண்டாவது பதிலில் சொன்ன பைகார்பனேட் வெளியேற்றத்தை அது விரைவுபடுத்துகிறது. விரல் நுனியில் மதமதப்பு வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டாலும் ஓய்வு நாட்களைக் குறைக்காதீர்கள்.

ஆக்சிமீட்டரில் 88 காட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?

கொரோனாவுக்குப் பிறகு எல்லார் பையிலும் இந்தக் கருவி இருப்பதால் வரும் கேள்வி. சமவெளியில் 88 என்றால் கவலைப்பட வேண்டியதுதான். லேவில் புதிதாக இறங்கியவருக்கு 85 முதல் 92 வரை காட்டுவது சாதாரணம். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணைவிட உடம்பு சொல்வதுதான் முக்கியம்: மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இருந்தால் எண் எவ்வளவு காட்டினாலும் போங்கள்.

அங்கேயே பிறந்தவர்களுக்கு உடம்பே வேற மாதிரியா?

ஓரளவுக்கு, ஆமாம். அதிகம் ஆராயப்பட்டவர்கள் திபெத்தியர்கள். லடாக்கியரில் பலர் அவர்களோடு மரபுத் தொடர்பு உள்ளவர்கள். நாம் மலை ஏறினால் உடம்பு சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். திபெத்தியர்களுக்கு 4,000 மீட்டரிலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய சமவெளி அளவிலேயே நிற்கிறது. அதிகமாக மூச்சு விட்டும், ரத்த ஓட்டத்தைக் கூட்டியும் சமாளிக்கிறார்கள். இதில் முக்கியப் பங்கு வகிக்கும் மரபணுக்களில் ஒன்றுக்கு ஈபாஸ்1 என்று பெயர். டெனிசோவன் என்கிற, அழிந்துபோன பழைய மனித இனத்தோடு கலந்ததால் அந்த மரபணு வடிவம் வந்தது என்று 2014ல் கண்டறிந்தார்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்கு ஹீமோகுளோபின் அதிகம். சிலருக்கு அது எல்லை மீறி ரத்தம் குழம்பாகி, தலைவலியும் மூச்சுத்திணறலும் நீலம் பாய்ந்த உதடுகளுமாக நாள்பட்ட மலைநோய் வரும். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920களில் இதை விவரித்தார். ஒரே சிக்கலுக்கு இரண்டு கண்டத்து மக்களின் உடம்புகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆச்சரியம்.

அப்போ நாமும் பத்து வருஷம் இருந்தால் அவர்களைப் போல ஆகிவிடுவோமா?

இல்லை. நமக்குக் கிடைப்பது பழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் வரும், ஊர் திரும்பினால் போய்விடும். அவர்களுக்கு இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வந்த மரபு.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது பிரசவத்தில். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாகச் சுமார் 100 கிராம் குறைகிறது. அதே உயரத்தில், திபெத்தியத் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள், சமவெளியிலிருந்து குடியேறிய சீனப் பெண்களின் குழந்தைகளைவிட எடை கூடுதலாக இருக்கின்றன. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் அவர்களுக்கு அதிகம்.

மைனஸ் 20 டிகிரி குளிருக்கும் உடம்பு பழகிவிடுமா?

குளிர் விஷயத்தில் உடம்பு செய்வது கொஞ்சம்தான். இங்கே காப்பாற்றுவது வீடும் துணியும் உழைப்பும். "அவர்களுக்குப் பழகிப்போச்சு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கோடையின் நான்கைந்து மாதமும் குளிர்காலத்துக்காகவே ஓடியாடுபவர்களைக் கண்ணால் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

பழைய லடாக்கி வீட்டைக் கவனியுங்கள். வெயிலில் காய்ந்த மண்கல்லால் ஆன தடித்த சுவர், தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்கள், வடக்கே சின்னத் திறப்பு அல்லது எதுவுமே இல்லை. கூரையில் பாப்லர் மர உத்திரம், அதன்மேல் நெருக்கமாக வில்லோ குச்சிகள், புல், அதற்கும் மேலே மிதித்து இறுக்கிய மண். தரைத்தளத்தில் மாடு, ஆடு. அவற்றின் உடல் சூடு மேலே ஏறும். மாடியில் காயவைத்த தீவனக் கட்டுகள் கூரை ஓரத்தில் அடுக்கியிருக்கும். குளிர்காலம் வந்தால் மொத்தக் குடும்பமும் சமையலறைக்குள் சுருங்கிவிடும். நடுவில் இரும்பு அடுப்பு, எரிப்பது வறட்டியும் வில்லோ விறகும். சுவரோரம் கம்பளம் விரித்து அங்கேயே சாப்பாடு, நூல் நூற்பு, தூக்கம் எல்லாம். வீடு முழுவதையும் சூடாக்க நினைக்காமல் ஓர் அறையை மட்டும் சூடாக வைத்துக்கொள்வதில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

கழிப்பறைக்குத் தண்ணீரே கிடையாதாமே?

குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி உலர் கழிப்பறை. மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் நீள்சதுரத் துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவியலாக, அதில் குத்தி வைத்த மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரி மண்ணைத் துளைக்குள் தள்ள வேண்டும். கீழ் அறையில் சேர்வது மக்கி எருவாகும். விதைப்புக்கு முன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வாரி வயலுக்குக் கொண்டுபோவார்கள். முறையாக மண் போட்டால் நாற்றம் இருக்காது. நீங்கள் தங்கும் வீட்டில் இது இருந்தால், தயங்காமல் இதையே பயன்படுத்துங்கள். ஃபிளஷ் கழிப்பறைகள் பெருகப் பெருக லேவின் நிலத்தடி நீர் பாழாகிறது.

குக்கர் இல்லாமல் சோறு வேகாதாமே, அப்போ பழைய காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்?

உண்மைதான். லேவில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போக இன்னும் குறையும். அரிசியும் பருப்பும் வேக நேரமாகும், விறகோ அரிது. குக்கர் வருவதற்கு முன்பே இதற்கு அவர்கள் தீர்வு கண்டுவிட்டார்கள். பார்லியைச் சூடான மணலோடு சேர்த்து வறுத்து, ஓடைத் தண்ணீரில் சுழலும் கல் ஆலையில் அரைத்து வைத்துக்கொள்வது. ஙம்ஃபே என்று பெயர். ஏற்கெனவே வறுபட்டதால் மறுபடி வேகவைக்க வேண்டாம். உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மாவைக் கொட்டி விரலாலேயே பிசைந்து உருட்டினால் ஒரு வேளை உணவு. ஆடு மேய்க்கப் போகிறவர் ஒரு பையில் மாவை எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க அடுப்பே வேண்டாம்.

அந்த வெண்ணெய்த் தேநீர் நமக்கு முதல் வாயில் பிடிக்காது. கொழுப்பு, உப்பு, நீர் மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கிறது. வறண்ட குளிரில் உடம்புக்கு வேண்டியது இதுதான். இவற்றோடு உலர்ந்த பாலாடைக்கட்டி, உலர்ந்த ஆப்ரிகாட், காயவைத்த கீரை, மண்ணுக்குள் குழி தோண்டிப் புதைத்து வைக்கும் உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கேரட். இன்று ரேஷன் அரிசி தாராளமாகக் கிடைப்பதால் எல்லார் வீட்டிலும் சோறும் குக்கர் விசில் சத்தமும் உண்டு. பார்லி விதைப்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்க்க எனக்கு வருத்தம்தான்.

மழையே பெய்யாத ஊரில் விவசாயம் எப்படி நடக்கிறது?

லேவில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழைதான். சென்னையில் அது 140 சென்டிமீட்டர் அளவு. மலைமேல் உருகும் பனியை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் பார்லி, கோதுமை, பட்டாணி எல்லாம் விளைகின்றன. மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிற மலைகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி மட்டும் பச்சை. வாய்க்கால் முடியும் இடத்தில் ஊரும் முடிந்துவிடும்.

நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி பார்க்கும் வேலையை அங்கே சுர்போன் பார்க்கிறார். ஊர் கூடி நியமிக்கும் ஆள், பல ஊர்களில் வீட்டு முறை வைத்து மாறி மாறி வரும் பொறுப்பு. எந்த வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும், யாருக்கு அடுத்து யார் என்பதை அவர் சொல்வார். கூலி தானியமாகக் கிடைக்கும். இரவில் ஓடையில் வரும் தண்ணீரை ஸிங் என்ற சிறு குளத்தில் தேக்கிக் காலையில் பாய்ச்சுவார்கள். ஊர்களுக்கிடையே யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற வழக்கங்களை 1900களின் தொடக்கத்தில் நடந்த நில அளவையின்போது எழுதியே வைத்திருக்கிறார்கள். தகராறு வந்தால் இன்றும் அந்தப் பதிவைப் புரட்டுகிறார்கள். மரபணுவைப் பற்றிக் கேட்கும் ஆர்வத்தில் பாதியையாவது இந்தச் சுர்போனிடம் காட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். நுரையீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், மே மாதம் மடை திறக்காவிட்டால் ஊர் காலிதான்.

ஐஸ் ஸ்தூபா என்கிறார்களே, அது எதற்கு?

விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்தில் இருக்கும் பனியாறுகள் நன்றாக உருகுவது ஜூனுக்கு மேல். இடையில் வரும் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான். சேவாங் நோர்ஃபெல் என்ற பொறியாளர், குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் நிழலில் உறைந்து கிடப்பதைக் கவனித்தார். குளிர்கால ஓடையை மலையின் நிழல் பக்கம் திருப்பி, படிப்படியான ஆழமில்லாத தேக்கங்களில் உறைய வைத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே, குறைந்த உயரத்தில் இருப்பதால் அந்தப் பனி முன்கூட்டியே உருகும். 1980களில் தொடங்கிய இந்த வேலைக்காக 2015ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நிழல் இல்லாத இடத்துக்கு என்ன செய்வது? அதற்கு வந்ததுதான் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக்கின் ஐஸ் ஸ்தூபா. 2013 குளிர்காலத்தில் முதல் மாதிரி. மேலே ஓடையில் பதித்த குழாய் வழியே தண்ணீர் தன் அழுத்தத்திலேயே கீழே வந்து உயரப் பீய்ச்சும், மோட்டார் வேண்டாம். உறைபனி இரவில் அது கூம்பாக உறைந்து வளரும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். குறைகளும் உண்டு: குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்துவிடும், தண்ணீரைத் திருப்புவதால் கீழூர்க்காரர்களோடு சச்சரவும் வந்திருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன பங்கீட்டு வழக்கங்களை மதிக்காமல் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் அங்கே நிலைக்காது.

அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே பெண்ணைக் கல்யாணம் செய்வார்களாமே?

முன்பு இருந்தது. 1941ல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், படிப்படியாக மறைந்துவிட்டது. கேலியாகக் கேட்பவர்களிடம் நிலத்தைப் பார்க்கச் சொல்வேன். வாய்க்கால் எட்டும் நிலம் அவ்வளவுதான், கூட்ட முடியாது. நான்கு பிள்ளைகளுக்கும் பிரித்தால் யாருக்கும் போதாது. அதனால் குடும்பச் சொத்தைப் பிரிக்காமல் வைத்தார்கள், சில பிள்ளைகளை மடாலயத்துக்கு அனுப்பினார்கள். மூத்த மகன் பொறுப்பேற்றதும் பெற்றோர் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சிறு வீட்டுக்குப் போய்விடும் வழக்கமும் இருந்தது. இந்தக் கேள்வியை அங்கே போய்க் கேட்காதீர்கள். அவர்களுக்கு அலுத்துப்போன கேள்வி.

சியாச்சினிலேயே நம் ராணுவம் இருக்கிறது. அப்போ மனிதன் எந்த உயரத்திலும் வாழலாம்தானே?

இருப்பது வேறு, வாழ்வது வேறு. உலகில் மனிதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் மிக உயரமான ஊர் பெரு நாட்டின் லா ரின்கோனாடா, சுமார் 5,100 மீட்டர். தங்கச் சுரங்க வேலைக்காகக் கூடிய ஊர். மேலே சொன்ன நாள்பட்ட மலைநோய் அங்கே நிறைய. ஏறக்குறைய 5,500 மீட்டருக்கு மேல் நிரந்தர ஊர் எங்கும் இல்லை. அங்கே நாளாக நாளாக உடம்பு தேறாது, தேய ஆரம்பிக்கும். பசி போகும், எடை குறையும், தூக்கம் கெடும், புண் ஆறாது.

1984 முதல் வீரர்கள் சியாச்சினில் இருக்கிறார்கள், 6,000 மீட்டருக்கு மேலும் காவல் நிலைகள் உண்டு. படிப்படியாக, கட்டம் கட்டமாகத் தங்கவைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். உச்சி நிலைகளில் சில மாதம்தான், பிறகு இறக்கிவிடுவார்கள். சோறு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் கீழிருந்து போக வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல் நிலையில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலானோர் 19வது மெட்ராஸ் படைப்பிரிவினர். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த உயரத்தை "மனிதன் வென்றுவிட்டான்" என்று பேசும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு அவர்கள் கீழே வந்துவிடலாமே?

சிலர் வருகிறார்கள். சாங்தாங் மேட்டுநிலத்தில் யாக் முடிக் கூடாரத்தில் வசித்து, பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்களில் கர்னாக் பகுதிக் குடும்பங்கள் பல லே அருகே குடியேறிவிட்டன. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், குளிர்கால வேலைச் சுமை எல்லாம் காரணம். அந்த ஆட்டின் மெல்லிய உள்முடி வளர்வதே அந்தக் கடுங்குளிரால்தான். ஆட்டைக் கீழே கொண்டுவந்து அதே தொழிலைச் செய்ய முடியாது.

இருப்பவர்களுக்கும் இப்போது சூழல் மாறுகிறது. மண் கூரை நிற்பதே மழை இல்லாததால்தான். 2010 ஆகஸ்ட் 6 அதிகாலை கொட்டிய பெருமழையில் மண்வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் கரைந்துபோயின. பனி குறையும் ஆண்டில் விதைப்பு தள்ளிப்போகிறது. அவர்கள் கேட்பது, இந்த நிலத்தில் தொடர்ந்து வாழத் தண்ணீரும், பள்ளிக்கூடமும், முடிவெடுப்பதில் தங்களுக்கு ஒரு பங்கும். அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் ஒருமுறை வந்து அவர்கள் வீட்டில் தங்கிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஜனவரியில் பல விடுதிகள் மூடியிருக்கும். குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கினால், மேலே சொன்ன சமையலறையில் நீங்களும் உட்காரலாம். ஒரு தடித்த சட்டைக்குப் பதில் மெல்லிய உடைகள் பலவற்றை அடுக்காகப் போடுங்கள். குடிக்கிற தண்ணீரை பிளாஸ்க்கில் வையுங்கள், பாட்டிலில் உறைந்துவிடும். போன் பேட்டரியை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தனி அறையில் புகாரி அடுப்பு வைத்துக்கொடுத்தால், புகைக்குழாய் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.